எல்லாரும் ஏறிவந்த லொறி

தேர்தலில் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு லிஃப்டால்தான் வந்தது. பிளேஸ்டோவில் நான் இருக்கிற எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிப் பதினோரு வாரம். ஏழாம் மாடியில் இருக்கிற மிசிஸ் பெய்லி, ஜமேக்காக்காரி, சக்கர நாற்காலியில் இருப்பவர், பதினோரு வாரமாகத் தெருவைக் காணவில்லை. கவுன்சிலுக்கு நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில்: உங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறோம். புரிந்து என்ன செய்வது, திருத்து! எழுதிப் பிரயோசனமில்லை, உள்ளே போய்க் கதிரையில் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று முடிவெடுத்தேன்.

பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிறேன். மாலையில் பதினான்கு வருடமாகக் கட்சிக்குத் துண்டுப் பிரசுரம் போடுகிறேன். இரண்டு முறை நாய் கடித்திருக்கிறது. மே மாதக் கவுன்சில் தேர்தலில் எங்கள் வார்டில் யார் நிற்பது என்பதைக் கட்சி உறுப்பினர்கள் கூட்டம் கூடி, வாக்குப் போட்டுத் தெரிவுசெய்வார்கள். அந்தக் கூட்டத்தில் வென்றால் கவுன்சிலர் ஆன மாதிரித்தான். எங்கள் பக்கத்தில் கட்சி ஒரு வாளியை நிறுத்தினாலும் சனம் போடும்.

இந்தமுறை அந்த இடம் எழுத்தில் பெண்ணுக்கு, வாய்ப்பேச்சில் தமிழருக்கு. போனமுறை பஞ்சாபிகள், அதற்கு முன் வங்காளிகள். கோயில் திருவிழாவில் உபயகாரருக்கு நாள் பிரித்துக் கொடுக்கிற மாதிரி முறை வைத்துக் கொடுக்கிறார்கள். சரி, எங்கள் முறை, நானும் பெண், நானும் தமிழ், இனி என்ன தடை என்று விண்ணப்பப் படிவத்தை எடுத்தேன். ஏழு பக்கம். நீ ஆணா பெண்ணா வேறா, பிறந்தபோது என்ன, இப்போது என்ன, மதம் என்ன, இனம் என்ன என்று ஒன்றும் விடாமல் கேட்டிருந்தார்கள். இந்தியருக்கு ஒரு பெட்டி, பாகிஸ்தானியருக்கு ஒரு பெட்டி, சீனருக்கு ஒரு பெட்டி. எனக்கு 'வேறு ஆசியர்'. இருபத்தாறு வருடமாக இந்த நாட்டில் நான் 'வேறு'தான். லிஃப்டைப் பற்றி எழுத மூன்று வரி விட்டிருந்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு ஏழு பக்கம் தேவையில்லை. தமிழ்ச் சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா இல்ஃபோர்ட்டில் இருந்தபடியே வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தார். "அருள்மலரோ? நல்ல மனுசிதான். ஆனால் மன்னார் வேதக்காரி. ஊரிலை எவடம், ஆற்றை ஆக்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதே." அவ்வளவுதான். என் மதம், ஊர், சாதி, தராதரம் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

அவருக்கு என்மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. பத்து வருடமாக அந்தக் கவுன்சிலர் கதிரைக்குக் காத்திருந்த மனிதர், பாவம். சாம்பல் நிறத்தில் கோட்டும் சூட்டும் தைத்து வைத்திருந்தார். இடம் பெண்களுக்கு மட்டும் என்று கட்சியின் மின்னஞ்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை சங்கத்தில் பெண் உரிமை பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார். வியாழக்கிழமை அவர் மனைவி சிவகௌரி வேட்பாளர். சிவகௌரிக்கு விசயம் தெரிந்தது வெள்ளிக்கிழமை.

மூன்றாவது ஆள் மாதங்கி. இல்ஃபோர்ட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இருபத்து நாலு வயது, நகரத்துக்குள் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல கெட்டிக்காரி.

கட்சி அமைப்பாளர் கிரண் என்னை மனோர் பார்க் தேநீர்க் கடைக்குக் கூப்பிட்டான். தாய் தகப்பன் சென்னைக்காரர். வேட்பாளர்கள் மூன்று பேருக்கும் பேசப் பழக்குவது அவன் பொறுப்பு. என் பேச்சை வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"லிஃப்ட் எல்லாம் ஓகே ஆன்ட்டி. ஆனா இதுல நீங்க யாருன்னே வரலையே?"

"லிஃப்டைத் திருத்தச் சொல்லுற ஆள்தான் நான்."

"ஆமா, ஆனா உங்க ஜர்னி? நாலு நிமிஷத்துல ரெண்டு நிமிஷமாவது நீங்க பட்ட கஷ்டம் வரணும். மெம்பர்ஸ் அதைக் கேட்டுத்தான் ஓட்டுப் போடுவாங்க. லிஃப்ட் பிரச்சினை எல்லாருக்கும் இருக்கு. கஷ்டம் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

"எங்கடை கஷ்டமே லிஃப்ட்தான் தம்பி."

"அப்புறம், சாரி கட்டிட்டு வாங்க. நகை வேணாம். நகை போட்டா ஸ்டோரியோட ஒட்டாது."

சீ, விசர்ப் பெடியன் என்று நினைத்துக்கொண்டு எழும்பி வந்தேன். ஆனால் பேருந்தில் இருந்தபோது மனது ஒரு நிலையில் இல்லை.

கதை என்னிடம் இல்லாமலில்லை. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு நானும் என் அக்கா மேரிறோஸும் தக்காளி ஏற்றிய குளிர்லொறி ஒன்றின் பின்னால் ஒளிந்து இந்த நாட்டுக்கு வந்தோம். எனக்கு இருபத்து நாலு, அவளுக்கு இருபத்தேழு. அக்காவுக்கு ஆஸ்துமா. துறைமுகத்தில் நாய்களோடு பொலிஸ் லொறியைச் சுற்றி வந்த நேரம் பார்த்து அவளுக்கு இருமல் தொடங்கியது. நான் அவள் வாயைக் கையால் பொத்தினேன். அவள் என் கையைப் பிடித்துத் தள்ளினாள். நான் விடவில்லை. லொறி கப்பலுக்குள் ஏறிய பிறகுதான் கையை எடுத்தேன். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. இங்கே வந்து பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். கண்ணைத் திறக்கவேயில்லை. நிமோனியா என்றார் டாக்டர். அவர் சொல்லச் சொல்ல நான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை நான் கட்டினவருக்குச் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்கும் சொன்னதில்லை. ஒரே ஒருவருக்குத்தான் சொன்னேன், அதுவும் அகதி வழக்குக்காக. வந்த முதல் கிழமை, அக்கா ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடந்த நாட்களில், ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வைத்துச் சொன்னேன். அங்கே எங்கள் ஆட்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவர் இதே ஸ்ரீஸ்கந்தராஜாதான். அப்போது இளந்தாரி. கேட்டுவிட்டுப் பேனையை வைத்துக் கண்ணைத் துடைத்தார். நல்ல மனுசன் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மிசிஸ் பெய்லிக்கு ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்ட் மூன்றாம் தடவையும் தவறியது. கீழே இறக்க ஆள் வரவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நல்ல சட்டை போட்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்க் கடதாசி எடுத்து, அக்காவைப் பற்றி இரண்டு நிமிடத்துக்கு எழுதினேன். விற்கத் துணிந்தேன். அதற்கு வேறு சொல் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குத் தேவாலய மண்டபத்தில் கூட்டம். தொண்ணூற்று நாலு உறுப்பினர்கள். அதில் நாற்பதுக்கு மேல் ஸ்ரீஸ்கந்தராஜா வான்களில் ஏற்றிக்கொண்டு வந்த சனம். தலைமை வகித்தவர் பமெலா என்ற வெள்ளைக்கார அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, மிகவும் இரக்கமானவர். அவரைப் பார்த்தாலே ஏதாவது துன்பத்தைச் சொல்ல வேண்டும்போல் இருக்கும். சீட்டுக் குலுக்கினார்கள். மாதங்கி முதல், சிவகௌரி இரண்டு, நான் மூன்று.

மாதங்கி நன்றாகத்தான் தொடங்கினாள். வீட்டு வாடகை, பேருந்து, எல்லாம் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் அம்மா ஒரு தக்காளி லொறியில் இந்த நாட்டுக்கு வந்தார்" என்றாள்.

எத்தனையோ தக்காளி லொறி ஓடியிருக்கும் என்று நினைத்தேன்.

"துறைமுகத்தில் நாய்கள் வந்தபோது பெரியம்மாவுக்கு இருமல் வந்தது. அம்மா அவர் வாயைக் கையால் பொத்தினார். அவர் தள்ளினார். அம்மா விடவில்லை."

மாதங்கி பொய் சொல்லவில்லை, அது முகத்தில் தெரிந்தது. தாய்க்கு ஸ்ரீஸ்கந்தராஜா எழுதிக் கொடுத்து, வீட்டு அலுமாரியில் இருந்த பழைய அகதி வழக்குக் கடதாசியை எடுத்து வாசித்து, தான் கண்டிராத ஒரு பெரியம்மா இருக்கிறார் என்று நம்பி, அழுதிருக்கிறாள் பிள்ளை. முன்வரிசையில் இருந்த அவள் தாய் சுலோச்சனா விமானத்தில் வந்தவள். எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும், மகள் கிட்ட இல்லாத நேரம் பார்த்து, விமானத்தில் இரண்டுதரம் சாப்பாடு தந்தார்கள், கோழி நல்ல ருசி என்று சொல்லாமல் விடமாட்டாள். இப்போது அவள் எதையோ கீழே விழுத்திவிட்டுக் குனிந்தாள், குனிந்தவள் நிமிரவேயில்லை.

"அந்தப் பெரியம்மா இன்று உயிரோடு இருக்கிறார்," என்று முடித்தாள் மாதங்கி. "இந்த நாட்டு மருத்துவர்களும் தாதியரும் தந்த உயிர்."

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. பமெலா மூக்கைச் சிந்தினார். நான் மட்டும் இருந்த இடத்தில் இருந்தேன். என் அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லிக் கைதட்டுகிறார்கள்! ஓம், நான் வாக்குமூலம் கொடுத்த அன்றைக்கு அவள் உயிரோடுதான் இருந்தாள். அந்தக் கடதாசியில் அப்படித்தான் முடித்திருந்தார் ஸ்ரீஸ்கந்தராஜா.

அடுத்தது சிவகௌரி. இரண்டாயிரத்து மூன்றில் கலியாண விசாவில் வந்தவள். இரண்டு சூட்கேஸ் நிறையக் கூறைச்சேலைகளும் ஒரு மிக்ஸியும் கொண்டுவந்தாள். இப்போது பருத்திச் சேலை, வெறுங்கழுத்து. கடதாசியைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் வாசித்தாள். "நாங்கள் வந்த லொறியில் தக்காளி..." அந்த இடத்தில் நின்றுவிட்டாள். மாதங்கியைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். அவர் மூன்றாம் வரிசையில் இருந்து, வாசி வாசி என்று கையைக் காட்டினார். வாசித்தாள். நாய் வந்தது, இருமல் வந்தது, கை வந்தது. அக்கா உயிரோடு இருந்தாள்.

அவள் தடுமாறியதைத் துக்கம் தாங்காமல் என்று சனம் எடுத்துக்கொண்டது. கைதட்டல் முந்தியதைவிடப் பெரிது. கிரண் என் காதுக்குள் குனிந்தான்.

"பாத்தீங்களா ஆன்ட்டி, ரெண்டு பேருக்கும் அதே அனுபவம்! இதுதான் கூட்டுத் துயரம்!"

தமிழர் அல்லாத மற்ற ஐம்பது பேரில் ஒருவருக்காவது, இதென்ன ஒரே லொறி, ஒரே இருமல் என்று தோன்றவில்லை. எங்களைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே கதைதான் இருக்கும் என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்போலும். ஸ்ரீஸ்கந்தராஜாவின் வான்களில் வந்த சனத்துக்கு விசயம் விளங்கியது. அவர்கள் வாய் திறக்கவில்லை, அவர்களில் பாதிப் பேரின் வழக்கும் ஸ்ரீஸ்கந்தராஜா எழுதியது.

நான் எழும்பினேன். அக்காவின் கடதாசி கைப்பைக்குள் இருந்தது. அதை எடுத்தால் மூன்றாவது லொறி. சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். மூன்றாம் தடவையும் எழும்பி நின்று கைதட்டுவார்கள், அதைத்தான் நினைக்க ஏலாமல் இருந்தது. கைப்பையைத் திறக்கவில்லை. பதினைந்து வாரமாகிவிட்டது, ஏழு மாடி, நூற்றிருபத்தாறு படி, மிசிஸ் பெய்லியின் தொப்பி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. கைதட்டினார்கள், இருந்தபடியே.

கேள்வி நேரத்தில் பமெலா என் பக்கம் திரும்பி மிகவும் மெதுவாகக் கேட்டார். "அருள்மலர், இந்த இரண்டு பெண்களின் அனுபவத்தையும் கேட்டீர்கள். அப்படியான துன்பத்தைக் காணாத ஒருவராக, அவர்களைப் போன்றவர்களின் குரலாக நீங்கள் எப்படி இருக்க முடியும்?"

அந்த அம்மாவில் பிழையில்லை. வேண்டுமென்று கேட்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜாவைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்பேன்," என்றேன்.

மெத்தப் பணிவான பதில் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். சிவகௌரிக்கு நாற்பத்தேழு, மாதங்கிக்கு முப்பத்தெட்டு, எனக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று நான் போட்டது. நாற்பது பேரை வான்களில் கொண்டுவந்த மனிதருக்கு என் அக்கா எதற்கு என்பதுதான் இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

தோற்றவள் என்ன செய்வாள்? தேநீர்க் கோப்பைகளைக் கழுவினேன். பதினான்கு வருடமாக நான்தானே கழுவுகிறேன். மண்டபத்துச் சமையலறைக்குள் சிவகௌரி வந்து கதவைச் சாத்தினாள். முகத்தில் வென்றவளின் களை இல்லை.

"அக்கா, ரெண்டு பேச்சும் ஒண்டெண்டு உங்களுக்கும் விளங்கியிருக்கும். இவர்தான் எழுதித் தந்தவர். ஏதோ பழைய ஃபைல், ஆற்றை எண்டு சொல்லேல்லை. இப்ப வெளியிலை ஒரு பேப்பர்க்காரப் பிள்ளை வந்து நிக்குது. உங்கடை அக்கா எங்கை இருக்கிறா, அவவோடை கதைக்க ஏலுமோ எண்டு கேக்குது. நான் என்ன சொல்லுறது?"

"செத்துப்போனா எண்டு சொல்லு," என்றேன். "இருபத்தாறு வருசமா மனோர் பார்க் சேமக்காலையிலை குழிக்குள்ளை கிடக்கிறா எண்டு சொல்லு. அது என்ரை அக்கா. பொத்தினது இந்தக் கை."

சவர்க்கார நுரையோடு கையைத் தூக்கிக் காட்டினேன். கத்தியிருக்கிறேன் போலும். சிவகௌரி அப்படியே ஈரத் தரையில் இருந்துவிட்டாள்.

"ஐயோ அக்கா. உயிரோடை இருக்கிறா எண்டெல்லோ சொல்லிப்போட்டன். அவ்வளவு பேருக்கு முன்னாலை சொல்லிப்போட்டன். சத்தியமா எனக்குத் தெரியாது."

அழுதாள். மேடையில் அழாதவள் இங்கே உண்மையாக அழுதாள். அவளில் கோபிக்க முடியவில்லை, அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

கதவைத் திறந்துகொண்டு ஸ்ரீஸ்கந்தராஜா வந்தார். என் சத்தம் வெளியே கேட்டிருக்க வேண்டும். கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தங்கச்சி, உம்மடை கேஸ்தான் நான் எழுதின முதல் கேஸ். ஒரு மாசத்திலை விசா குடுத்தாங்கள். பிறகு வந்த சனத்துக்கு வேற மாதிரி எழுத எனக்கு இங்கிலிஸ் காணாது. எல்லாரும் பட்ட ஆக்கள்தான். அடியும் உதையும் அவையவையின்ரை. லொறியை மட்டும் நான் மாத்தேல்லை."

"எத்தினை பேரை அந்த லொறியிலை ஏத்தினனீங்கள்?"

"ஒரு அறுபது, எழுபது பேர் வரும்." யோசித்துத்தான் சொன்னார். "இப்ப அதில்லைப் பிரச்சினை. பொய்யெண்டு பேப்பரிலை வந்தால் இனித் தமிழர் ஒருத்தரையும் நம்பமாட்டினம். உண்மையா வந்தவையையும் நம்பமாட்டினம். ஒரு ரெண்டு நிமிசம் நீர் வந்து அந்த அக்காவா நிண்டால்..."

"உங்களுக்கென்ன விசரோ?" என்று சிவகௌரி தரையிலிருந்து சீறினாள். புருசனை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கையிலிருந்த ஈரத்துணியால் அந்த மனுசனின் மூஞ்சையில் ஒன்று போட்டிருக்க வேண்டும். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் என்னைத் தடுத்தது. நான் சிவகௌரியைப் பார்த்தேன்.

"கவுன்சிலரா வந்து முதல் வேலை எங்கடை லிஃப்ட்."

"அக்கா, நீங்கள் நிக்க வேண்டாம். நிக்காட்டிலும் செய்யிறன்."

"நிக்கிறன்," என்றேன். லிஃப்டுக்காகத்தான் என்று அந்த நேரம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சனம் கலைந்துபோன வாசலில் பத்திரிகைப் பெண் தொலைபேசியோடு நின்றாள். கூட்டத்துக்குள் இருக்காதவள், என்னை அடையாளம் தெரியாது. படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்கு வந்தவள்போல, மரியாதையான பிள்ளை. சிவகௌரியின் கையை என் தோளில் போடச் சொல்லிப் படம் எடுத்தாள். பெயர் என்ன என்று கேட்டாள்.

"மேரிறோஸ்," என்றேன். அவளின் ஆன்மாவுக்காகப் பூசைக்குப் பெயர் கொடுக்கிற நேரம் தவிர, வெளியாள் ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொல்லி எவ்வளவு காலம்! எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். வயது கேட்டாள். கணக்குப் பார்த்து ஐம்பத்து மூன்று என்றேன். உயிரோடு இருந்திருந்தால் சரியாக ஐம்பத்து மூன்று.

பிறகு அந்தப் பிள்ளை தலையைச் சரித்து, மிக இரக்கமாக என்னைப் பார்த்தாள்.

"கடைசியாக ஒரு கேள்வி, மேரிறோஸ். லொறிக்குள் உங்கள் தங்கை உங்கள் வாயைப் பொத்தினார். இத்தனை வருடத்தில் அவர்மேல் உங்களுக்குக் கோபம் வந்ததுண்டா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அக்காவின் வாயால் எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்து, படத்தோடு பேப்பரிலும் போட்டுவிடலாம். அந்தச் சொல் வரவில்லை. பத்திரிகைப் பெண் தொலைபேசியை என் வாய்க்குக் கிட்டே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தெரியாது பிள்ளை," என்றேன். "அவள் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை."